மூன்றாம் சரணத்துக்கு முன்

கிளின்ரன் குசினித் தரையில் குப்புறப் படுத்து, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கைக் கையால் துழாவிக்கொண்டிருந்தான். தூசியும் காய்ந்த வெங்காயத் தோலும்தான் அகப்பட்டன.

“அங்க என்னத்தைத் தேடுற, மகன்?”

தாய் செலீன் கையில் செபமாலையோடு குசினி வாசலில் நின்றாள்.

“பிளக்கை, மம்மி. குசினிக்கு வாறது வேற லைன். டடியின்ர ஒக்சிசன் மெஷினை இதுக்கு மாத்தினா ஸ்பீக்கர்ல இரைச்சல் வராதெண்டு கீழ் வீட்டு ஸவாஹிர் அங்கிள் சொன்னவர்.”

“ஃபாதர் வந்து கடைசி எண்ணெயும் பூசிப்போட்டுப் போயிட்டார். நீ இன்னும் வயரைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிற.”

“அஞ்சு நிமிசம்.”

“உன்ர அஞ்சு நிமிசத்தைத்தான் ரெண்டு வருசமாப் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு அவள் ஹோலுக்குத் திரும்பினாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா றேமண்டுக்கு, இரண்டு வருசத்துக்கு முன் அவன்தான் போனில் பாட்டுக் கேட்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தான். உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் இதற்குள் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னான். றேமண்ட் ஒரேயொரு பாட்டைத் தேடச் சொன்னார். கேட்டு முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இவளுக்கு மூச்சு இல்லையே” என்றார்.

அது ஒரு பழைய படப்பாட்டு. மூன்று சரணம். மூன்றாம் சரணம் தொடங்குவதற்கு முன், வயலின் ஓய்ந்த இடத்தில், பாடுகிறவள் ஒருமுறை மூச்சை இழுப்பாள். அரை விநாடிகூட இராது. அது கேட்க வேண்டும் என்பதுதான் றேமண்டின் வழக்கு. பாடினது ஒரு மனிசி, மூச்சு விட்டுத்தானே பாடியிருப்பாள், அதை எங்கே கொண்டுபோய் ஒளித்தீர்கள் என்று மகனைக் கேட்பார், ஏதோ அவன்தான் அதைத் திருடியது போல.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளின்ரன் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஜம்பட்டா வீதியில் அப்பா அம்மா இருந்த வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறினான். டேற்றாவை மிச்சம் பிடிப்பதற்காகச் செயலியில் குறைத்து வைத்திருந்த தரத்தை முதலில் உயர்த்தினான். பிறகு புளூடூத்தைக் கைவிட்டு, பாட்டை நேரே இன்ரநெற்றில் இருந்து எடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, றவுட்டரிலிருந்து சுவரோரமாக வயர் இழுத்தான். அந்த வயரில் செலீன் நான்கு தரம் தடக்கினாள். ஒரு தரம் சொதிச் சட்டியோடு விழுந்தாள். அதற்குப் பிறகு நல்ல ஸ்பீக்கர் இரண்டு வந்தன. சுவரோடு ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் ஊதிப்போகிறது என்று அவற்றை முன்னுக்கு இழுத்தார்கள். றேமண்ட் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். கிளின்ரன் முழங்காலில் நின்று ஸ்பீக்கரை அங்குலம் அங்குலமாக நகர்த்துவான். சரியென்று வந்த இடத்தில் தரையில் வெள்ளை ரேப் ஒட்டி அடையாளம் வைத்தார்கள். வீடு கூட்டும்போது அதை உரித்துவிடக் கூடாது என்று செலீனுக்குக் கட்டளை.

“ஹாபர்ல கப்பல் ஊதினாலும் உங்கட அப்பருக்குக் கேக்காது. ஆரோ ஒருத்தி மூச்சு விடுறது மட்டும் கேக்கோணும்” என்பாள் அவள். சமைத்துக்கொண்டிருக்கும்போது தெரிந்த பாட்டு வந்தால் மேசையில் விரலால் தாளம் போடுவாள். அதற்கும் அவர் விடமாட்டார். “செலீன், தாளம் போடுறதெண்டா சேர்ச்சில போய்ப் போடு” என்று ஹோலில் இருந்து கத்துவார். பாட்டு ஓடும்போது றேமண்ட் தன் கால் விரலைக்கூட அசைக்க மாட்டார்.

போன வருசம் ஒரு ஞாயிறு, தடித்த திரைச்சீலை மாட்டிய அன்று, மூச்சு கேட்டது. றேமண்ட் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். பாராட்டி ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பப் போடு என்றார். திரும்பக் கேட்டுவிட்டு, இன்னொரு தரம் போடு என்றார். நாற்பத்திரண்டு வயதுக் கிளின்ரன் அன்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையாக வீட்டுக்குப் போனான்.

அதே மனிசருக்குத்தான் இப்போது மூச்சு எட்டாமல் போயிற்று. நுரையீரல் இரண்டும் இறுகிவிட்டன, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒன்பது நாள். கட்டிலை ஹோலில் போட்டு, ஒக்சிசன் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். சூட்கேஸ் அளவு மெஷின். நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர்கள் இருந்த அதே லைனில் அதையும் கொடுத்ததால், அவற்றுக்குள்ளும் ஒரு இரைச்சலைக் கிளப்பிவிட்டது.

வியாழக்கிழமை றேமண்ட் மகனைக் கிட்டக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இளைப்பாறித்தான் பேச முடிந்தது.

“மெஷினை... நிப்பாட்டு. ஒரு... பாட்டுக்கு.”

“ஒரு பாட்டுக்காகச் சாகப்போறீங்களோ?” என்றாள் செலீன்.

றேமண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, பகலில் அவரைப் பராமரிக்க வரும் பைறோஸா ஓடிவந்து தூக்கி இருத்தி முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

அப்பா கேட்டது கிளின்ரனின் மண்டைக்குள் இருந்து போகவில்லை. மெஷினை நிறுத்த முடியாது. ஆனால் தூரத்தில் வைக்கலாமே? வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கேட்டான். ஐம்பது அடி வரைக்கும் குழாய் போடலாம் என்றார்கள். டொக்டரும் பயமில்லை என்றார். அப்பா போவதற்கு முன் அந்தப் பாட்டை ஒரு தரம் அந்த மூச்சோடு கேட்டுவிட வேண்டும். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. இன்று சனிக்கிழமைதான். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

பிளக் கடைசியில் அகப்பட்டது. கட்டிலருகே பைறோஸா றேமண்டின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்து ஒக்சிசன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, கிளின்ரன் மெஷினைக் கழற்றிக் குசினிக்கு உருட்டினான்.

“எம்பத்தாறு... எம்பத்தஞ்சு... கெதியா அண்ணன்!”

மெஷின் குசினிக்குள் உறுமத் தொடங்கியது.

“எம்பத்தெட்டு. சரி, சரி.”

ஹோலுக்கு வந்தபோது ஒன்பது நாளாக அந்த வீட்டில் இல்லாத அமைதி. கீழே வீதியில் மீன்காரன் கூவுவது கேட்டது. கிளின்ரன் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். இரைச்சல் அடியோடு போயிருந்தது. அப்போது வந்த சந்தோசத்தில், தகப்பன் சாகக் கிடக்கிறார் என்பதையே அவன் ஒரு கணம் மறந்துவிட்டான். பிறகு அதை நினைத்துப் பல நாள் வெட்கப்பட்டான்.

“டடி, இப்ப போடுறன். கேளுங்கோ.”

றேமண்ட் கண்ணைத் திறந்தார். கை போர்வைக்கு வெளியே கொஞ்சம் நீண்டது. செலீன் கட்டிலோரக் கதிரையில் இருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் இதில வந்து இரு, மகன்.”

வயலின் தொடங்கியது. கிளின்ரன் கட்டிலின் கால்மாட்டில் உட்காரப் போனான். அப்போதுதான் அது அவனுக்குப் பட்டது: குசினிப் பக்கமிருந்து தரை வழியாக வரும் ஒரு மெல்லிய அதிர்வு. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் இரண்டு வருசமாக இதே வேலையாக இருந்த காது அவனுடையது. இந்த அதிர்வு இருந்தால் மூச்சு அமுங்கிவிடும் என்று நினைத்தான். மூன்றாம் சரணத்துக்கு இன்னும் மூன்று நிமிசம் இருந்தது. தாராளமான நேரம்.

“இந்தா வாறன்” என்று எழும்பி, குளியலறைக் கால்மிதியையும் வாசல் கால்மிதியையும் அள்ளிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கதவுக்கு அடியில் குழாய் நசியாமல் இருக்க இடம் இருந்தது.

குளியலறைக் கால்மிதியை மடித்து, மெஷினை ஒரு பக்கம் சரித்து அடியில் செருகினான். உறுமல் கொஞ்சம் அடங்கியது. வாசல் கால்மிதியை மற்றப் பக்கத்துக்குச் செருகினான். மெஷின் சரிந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மற்றக் கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். அதிர்வு இருந்தது. கால்மிதியை உருவி இன்னொரு மடிப்பு மடித்துத் திரும்பச் செருகினான். கையை வைத்துப் பார்த்தான். நின்றுவிட்டது. மூடிய குசினிக்குள் மெஷின் அவனுடைய காதோரம் உறுமிக்கொண்டிருந்தது. வேறொரு சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை.

கதவு தள்ளப்பட்டபோதுதான் திரும்பிப் பார்த்தான். பைறோஸா. தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் போவதற்கு வழிவிட்டு நின்றாள்.

ஹோலில் பைலா ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் செயலி தன்பாட்டில் அடுத்ததைத் தெரிவு செய்து போட்டிருந்தது. கலியாண வீட்டில் கிழவர்களையும் எழுப்பி ஆடவைக்கிற பைலா. ஒரு பொட்டு இரைச்சல் இல்லாமல், றபான் மேளத்தில் விரல் படுவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது. கிளின்ரனுக்குப் போனை எங்கே வைத்தோம் என்று நினைவு வரவில்லை. கட்டிலில் தேடினான், மேசையில் தேடினான், பொக்கற்றைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான்.

செலீன் றேமண்டின் கையை இன்னும் பிடித்தபடி இருந்தாள்.

“அவர் போயிட்டார், மகன்.”

மூக்கில் மாட்டியிருந்த குழாயில் காற்று வருவது இப்போது தெளிவாகக் கேட்டது. பைறோஸா குசினிக்குப் போய் மெஷினை நிறுத்தினாள்.

ஞாயிறு காலை, உடலைப் பதப்படுத்திக் கொடுக்கும் மலர்ச்சாலை ஆட்கள் றேமண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கட்டிலைக் கழற்றி அறைக்குள் போட்ட பிறகும் ஹோலில் இடம் போதவில்லை.

“மஹத்தயா, மே தெக்க அயின் கரமுத?” என்று ஒருவன் இரண்டு ஸ்பீக்கரையும் காட்டி, எடுத்து வைக்கட்டுமா எனச் சிங்களத்தில் கேட்டான்.

கிளின்ரன் தலையாட்டினான். அவர்கள் தூக்கிக்கொண்டுபோய் ஒன்றை ஜன்னல் பக்கம் திருப்பியும் மற்றதை அலுமாரியைப் பார்த்தபடியும் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். றேமண்ட் பார்த்திருந்தால் பெட்டியை விட்டு எழும்பியிருப்பார். வெள்ளை ரேப் அடையாளங்கள் தரையில் அப்படியே இருந்தன. வந்தவர்கள் அவற்றை மிதித்துக்கொண்டுதான் பெட்டியடிக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள், குனிந்து முத்தம் கொடுத்தார்கள். கிளின்ரனின் மனைவி நிலூஷா எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தாள். செபமாலை ஒரு பக்கம் முடிய மறு பக்கம் இன்னொரு கூட்டம் வந்து தொடங்கியது. செலீன் பெட்டியின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. பெரிதாக அழவும் இல்லை.

கீழே ரிவி திருத்தும் கடை வைத்திருக்கும் ஸவாஹிர் வந்து, கிளின்ரனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பேச வேறு விஷயம் அவருக்கும் அகப்படவில்லை போலும்.

“மெஷின மாத்தினீங்களா, மகன்?”

“ஓம் அங்கிள். நேற்று மாத்தினனான்.”

“எரைச்சல் நிண்டதா?”

“சுத்தமா நிண்டிட்டுது.”

ஸவாஹிரின் முகம் மலர்ந்தது. பிறகு பெட்டியைப் பார்த்து அடக்கிக்கொண்டார். “அப்ப றேமண்ட் நல்லாக் கேட்டாரா?”

கிளின்ரன் குனிந்து தரையில் இருந்த வெள்ளை ரேப்பைப் பார்த்தான். ஸவாஹிர் அவனுடைய முழங்காலில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார், பையன் அழப்போகிறான் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவனை விடவில்லை. அப்பா போனது மூன்றாம் சரணத்துக்கு முன்னாலா, பின்னாலா? பாட்டு முடிந்து பைலா தொடங்கின பிறகா? ஐந்து நிமிசத்துக்குள் எல்லாம் நடந்திருக்கிறது. அந்த ஐந்து நிமிசமும் அவன் கால்மிதி மடித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை, அடக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், பைறோஸா கடைசியாக முகம் பார்க்க வந்தாள். அவள் திரும்பிப் போகும்போது கிளின்ரன் மாடிப்படி வரைக்கும் பின்னால் போனான்.

“பைறோஸா, டடி போகேக்க பாட்டு எந்த இடத்தில நிண்டது?”

“எனக்கு பாட்டொண்டும் வெளங்கல்ல, அண்ணன். நான் அங்கிள்ட மூச்சத்தான் பாத்துட்டு ஈந்த.” ஒரு படி இறங்கினவள் நின்றாள். “அன்ரி ஒங்கள மூணு தரம் கூப்பிட்ட. ஒங்களுக்குக் கேக்கலயா?”

“இல்ல.”

“அங்கிள் கண்ணத் தொறந்து கதவத்தான் பாத்த. அன்ரிக்கு எழும்பி வர ஏலா, அங்கிள் கைய விடல்ல. நான் தலயத் தாங்கிட்டு ஈந்த, அதான் வரச் சொணங்கிட்டு.” அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. “கஷ்டப்படாமத்தான் போன, அண்ணன். நான் நெறயப் பேரப் பாத்தீக்கி.”

அவள் இறங்கிப் போய்விட்டாள். கிளின்ரன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹோலில் இருந்த மெஷின் சத்தத்தைக் கவனமாகத் தூக்கிக் கொண்டுபோய்த் தன் காதோரம் வைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். நாலு பேர் பார்க்கத் தன்னையே அறைய வேண்டும் போல இருந்தது அவனுக்கு. மாதம்பிட்டி மயானத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டபோது, பெட்டியில் மண் விழுந்த சத்தம் மட்டும் அவனுக்கு மிகத் துல்லியமாகக் கேட்டது.

செவ்வாய் காலை வாடகைக்காரர்கள் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பது அடிக் குழாயைக் கிளின்ரன் சுருட்டிக் கொடுத்தான். நிலூஷா பிள்ளைகளோடு வெள்ளவத்தைக்குப் போயிருந்தாள். வீட்டில் தாயும் மகனும் மட்டும். செலீன் ஹோலில் றேமண்டின் கதிரைக்குப் பக்கத்தில் தன் கதிரையைப் போட்டுக்கொண்டு, தோய்த்துக் காய்ந்த அவருடைய சாரங்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

“மம்மி.”

“என்ன மகன்?”

“டடி அந்தப் பாட்டைக் கேட்டவரா?”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “கேட்டவர்.”

“கடைசி மட்டுமா?”

“ஓம். கடைசி மட்டும். கையால தாளம் போட்டுக்கொண்டெல்லோ கேட்டவர்.”

கிளின்ரன் அவளைப் பார்த்தான். நாற்பத்தைந்து வருசம் ஒரு மனிசரோடு இருந்துவிட்டு, அவரைப் பற்றி ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. தனக்காகத்தான் சொல்கிறாள் என்பது அடுத்ததாக உறைத்தது.

“ஓம்” என்றான். “அது போதும், மம்மி.”

செலீன் கடைசிச் சாரத்தையும் மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். கையால் நீவிவிட்டாள்.

“அதை ஒருக்காப் போடு, பாப்பம்.”

“முப்பத்தொண்டு முடியேல்லையே?” ஒரு மாதப் பூசை முடியும் வரைக்கும் ரேடியோ, ரிவி ஒன்றும் போடக் கூடாது என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

“ஜன்னலைச் சாத்திப்போட்டுப் போடு. பக்கத்து வீட்டுக்குக் கேக்காமல்.”

அவன் ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டான். சனிக்கிழமை அணைத்த சுவர் சுவிட்சைப் போட்டான். சின்னப் பெட்டியில் நீல வெளிச்சம் வந்தது. ஸ்பீக்கர் இரண்டும் ஒன்று ஜன்னலையும் ஒன்று அலுமாரியையும் பார்த்தபடி சுவரோடு கிடந்தன. அவன் குனிந்து ஒன்றை ரேப் அடையாளத்துக்கு இழுக்கப் போனான்.

“விடு. வந்து இரு.”

அவன் பாட்டைப் போட்டுவிட்டு வந்து அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தான். செலீன் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வயலின் தொடங்கியது. சத்தம் படுமோசமாக இருந்தது. அடிச்சத்தம் சுவரில் பட்டு ஊதியது. பாடுகிறவள் அலுமாரிக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். வலப் பக்க ஸ்பீக்கரை ஒரு அடி முன்னுக்கு இழுத்து உள்ளே திருப்பினால் பாதி சரியாகிவிடும். அவனுடைய உடம்பு தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. கை தாயிடம் இருந்தது. அவன் எழும்பவில்லை.

முதல் சரணத்தின் நடுவில் செலீனின் விரல் அவனுடைய புறங்கையில் மெல்லத் தட்டத் தொடங்கியது. தான் தட்டுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளின்ரன் அந்த விரலையே பார்த்தான். சனிக்கிழமை இந்தக் கைக்குள் இருந்தது அவருடைய கை.

இரண்டாம் சரணம் முடிந்தது. வயலின் தனியே வந்து இறங்கி ஓய்ந்தது. இப்போது மூச்சு வர வேண்டும். அவன் கண்ணை மூடிக் கேட்டான். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

புறங்கையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அரை விநாடிகூட இராது. பிறகு மூன்றாம் சரணத்தோடு சேர்ந்து திரும்பவும் தட்டத் தொடங்கியது.